பிரேக் பேட் மாத்தியாச்சு, சத்தம் மட்டும் போகல

கேள்வி: அண்ணே வணக்கம். என்னோடது 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரியில எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு, பாதி சக்கரம் முங்கி ரெண்டு நாள் வண்டி அப்படியே கெடந்துச்சு. இன்ஜினுக்குள்ள போகல, தப்பிச்சோம்னு ஓட்டிட்டு இருந்தேன். சில மாசம் கழிச்சு 40 ஸ்பீடு தாண்டுனா மாவு மிஷின் ஓடுற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம், ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறுது. ஷெட்ல காட்டுனேன், முன்னாடி பிரேக் பேட் மாத்துனாங்க, அது கவ்வுற டிஸ்க்க லேத்துல குடுத்து சீவுனாங்க, சத்தம் அப்படியேதான் இருக்கு. இப்ப கியர் பாக்ஸ இறக்கி பாக்கணும்ங்கறாங்க. இறக்க சொல்லவா?
- வேளச்சேரி வாசகர்

பதில்: இறக்க வேணாம் தம்பி, கொஞ்சம் பொறுங்க. இவ்ளோ எழுதுன நீங்க பிரேக் மிதிச்சா சத்தம் மாறுதான்னு மட்டும் எழுதல பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அது தேஞ்சு 2, 3 மில்லிமீட்டருக்கு வந்தா நிறைய பேட்ல இருக்கற சின்ன தகடு டிஸ்க்ல பட்டு கீச்சுனு கத்தும். அதையும் கண்டுக்காம ஓட்டுனா இரும்பும் இரும்பும் ஒரசி கரகரப்பு வரும். ஆனா அந்த சத்தம் பிரேக்ல கால் வெச்சதும் கூடும் இல்ல மாறும். கால் வெச்சாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி கேட்டா பேட் மேல பழி போடவே கூடாது.

அடுத்தது, காலியா இருக்கற சமதள ரோட்டுல 50ல போகும்போது இன்ஜின ஆஃப் பண்ணாம நியூட்ரல் போட்டு உருளவிடுங்க (இறக்கத்துல இத பண்ணாதீங்க, சாவியையும் தொடாதீங்க, இன்ஜின் நின்னா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாயிடும்). சத்தம் இன்ஜினோட சேந்து எறங்கிடுச்சுன்னா உங்க மெக்கானிக் சொல்றதுல நியாயம் இருக்கலாம், உருளும்போதும் ஸ்பீடுக்கு தகுந்த மாதிரி கேட்டுட்டே இருந்தா மொதல்ல சக்கரத்த பாக்கணும். அப்பறம் ரேடியல் ரோடு மாதிரி அகலமான எடத்துல, பக்கத்துல வண்டி இல்லாதப்போ, லேசா வலது பக்கம் வளைங்க, பாரம் இடது சக்கரத்துக்கு போகும், சத்தம் கூடுச்சுன்னா பெரும்பாலும் இடது வீல் பேரிங் (சக்கரம் சுலபமா சுத்த உள்ள குண்டு வெச்ச வளையம்), இடது பக்கம் வளைச்சு கூடுச்சுன்னா வலது பேரிங். ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கும்போது மட்டும் டக் டக் டக்னு வந்தா அது இன்ஜின் சக்திய சக்கரத்துக்கு கொண்டு போற டிரைவ் ஷாஃப்ட்டோட ஜாயின்ட், அது வேற கதை.

நீங்க எழுதுனத படிச்சா எனக்கு வீல் பேரிங்னுதான் தோணுது. ஓடி சூடா இருக்கற பேரிங் தண்ணிக்குள்ள போனா உள்ள இருக்கற காத்து சுருங்கி சீல் வழியா தண்ணிய இழுத்துக்கும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துடும், வண்டி அசையாம நின்ன ரெண்டு நாளும் குண்டு உக்காந்த எடத்துல துரு புடிக்கும். தண்ணி வடிஞ்ச மறுநாள் ஒன்னும் தெரியாது, ஓட ஓட அந்த துரு புள்ளி குழியாகி மாசக்கணக்குல கழிச்சுதான் வாய் தொறக்கும். அதனாலதான் யாரும் வெள்ளத்தையும் இதையும் முடிச்சு போட்டு பாக்கறதில்ல.

ஷெட்டுக்கு போனா சக்கரத்த மேலையும் கீழையும் புடிச்சு ஆட்டி பாத்துட்டு "ஆட்டமே இல்ல சார், பேரிங் நல்லா இருக்கு"ன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. குழி விழுந்த பேரிங் ஆட்டமே இல்லாமலும் கத்தும். வண்டிய ஜாக்கில தூக்கி ஸ்டாண்ட் குடுத்துட்டு, நாலு விரல சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வெச்சுக்கிட்டு இன்னொரு கையால சக்கரத்த சுத்த சொல்லுங்க. நல்ல பக்கம் ஸ்பிரிங் சும்மா இருக்கும், கெட்ட பக்கம் உள்ள மணல் அரைக்கற மாதிரி விரல்ல தெரியும், காதுக்கு கேக்கறதுக்கு முன்னாடியே கைக்கு தெரிஞ்சுடும். நான் பின் சக்கரத்தையும் விடாம பாப்பேன், ஏன்னா சத்தம் எங்கேருந்து வருதுன்னு சீட்ல உக்காந்து சொல்றதுல அனுபவசாலியே ஏமாறுவான். டயர் மேடும் பள்ளமுமா தேஞ்சிருந்தாலும் இதே உறுமல் வரும், ஆனா தார் ரோட்டுலேருந்து கான்கிரீட் ரோட்டுக்கு மாறுனா டயர் சத்தம் மாறும், பேரிங் மாறாது. சந்தேகம்னா முன் டயர பின்னாடி போட்டு பாருங்க, செலவே இல்ல.

பேரிங்தான்னு உறுதியாச்சுன்னா கெட்ட பக்கம் மட்டும் மாத்துனா போதும். ஆனா மாத்தற விதம் முக்கியம், சுத்தியால அடிச்சு எறக்கற ஷெட்ல குடுக்காதீங்க, பிரஸ் மிஷின் இருக்கணும். பேரிங்கோட வெளி வளையம் நக்கிள்ல (பேரிங் உக்கார்ற இரும்பு கூடு) எறங்கும்போது அந்த வளையத்துலதான் அழுத்தணும், உள் வளையத்த அழுத்துனா பாரம் குண்டு வழியா போய் புது பேரிங்கே வண்டி ஏறுறதுக்கு முன்னாடி தழும்பு வாங்கிடும். ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு) வண்டியில நிறைய பேரிங்குக்கு ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் வரணும், திருப்பி போட்டா ஏபிஎஸ் லைட் எரியும். ஆக்ஸில் நட்டு புதுசா போடணும், அதையும் டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) வெச்சு கம்பெனி அளவுக்கு இறுக்கணும், நட்டு இறுக்காம வண்டிய தரையில எறக்கவே கூடாது. அப்படியே சீவுன டிஸ்க்கையும் அளக்க சொல்லுங்க, குறைஞ்சபட்ச தடிமன் டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், அதுக்கு கீழ போயிருந்தா அந்த டிஸ்க்க தூக்கி போட வேண்டியதுதான். அதுவரைக்கும் ஹைவே பக்கம் போகாதீங்க.

கேள்வி: மழை பெஞ்ச மறுநாள் காலையில மொத பிரேக்குக்கு மட்டும் சர்ருனு ஒரு சத்தம், அப்பறம் இல்ல. பேட் மாத்தணுமா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: வேணாம்மா. டிஸ்க் வெறும் இரும்பு, ராத்திரி ஈரத்துல மேல லேசா துரு படியும், ரெண்டு மூணு தடவ பிரேக் புடிச்சா பேட்டே அத தொடச்சு எடுத்துடும். பத்து நிமிஷம் ஓட்டியும் போகலன்னா டிஸ்க்குக்கும் பின்னாடி இருக்கற தகட்டுக்கும் நடுவுல சின்ன கல்லு மாட்டியிருக்கலாம், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து பாருங்க, பல நேரம் அதுவே விழுந்துடும். விழலன்னா சக்கரத்த கழட்டி தகட்ட லேசா நெம்பி விட சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை, இதுக்கு போய் யாராவது பேட் செட் பில்லு போட்டா குடுக்காதீங்க.