எர்ணாவூர் காற்றுக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: வடசென்னை எர்ணாவூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். காலையில் பால்கனிக் கம்பியைத் துடைத்தால் துணி கறுத்துப்போகிறது. இரவு பத்து மணிக்கு மேல் கேஸ் மாதிரி ஒரு வாடை வருகிறது. ஏழு வயது மகனுக்கு வீசிங் உண்டு. ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், ஏழு அடுக்கு ஃபில்டர், அயனைசர் என்று சொல்லி 22 ஆயிரம் ரூபாய் மாடலைக் காட்டுகிறார்கள். டெல்லியில் இருக்கும் தம்பியும் அதைத்தான் வைத்திருக்கிறானாம். வாங்கலாமா? பையன் படுக்கும் அறை 10க்கு 12 அடி.

பதில்: அவசரப்பட வேண்டாம். டெல்லியின் தொல்லையும் உங்கள் தொல்லையும் வேறு வேறு. அங்கே நவம்பர், டிசம்பரில் நுண்தூசிதான் பெரும்பாடு. உங்களுக்குத் தூசி பாதி, வாயு பாதி. தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் வாயுவைப் பிடிக்காது. இதைப் புரிந்துகொண்டு கடைக்குப் போனால் விற்பவரின் பேச்சு உங்களைக் குழப்பாது.

முதலில் அந்தக் கறுப்பு. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல், ரோட்டு மண் எல்லாம் கலந்தது அது. பார்க்கப் பயமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போவது பி.எம். 2.5 என்கிற நுண்தூசி. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். கம்பியைத் துடைத்த துணியில் இதைத் தனியாகப் பார்க்க முடியாது.

இதைத் தெரிந்துகொள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். மணலியில் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. மேலே பெரிதாகத் தெரியும் ஏ.க்யூ.ஐ. என்கிற காற்றுத் தர எண்ணோடு நின்றுவிட வேண்டாம். எந்த மாசு அதிகமோ அதை மட்டும் வைத்துப் போடப்படும் எண் அது. பி.எம். 2.5 கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று தனியாகப் பாருங்கள். நம் நாட்டின் வரம்பு 24 மணி நேர சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் சொன்னது 15. வீசிங் இருக்கிற பிள்ளை உள்ள வீட்டில் நான் 30-ஐக் கோடாக வைத்துக்கொள்வேன். அதற்குக் கீழே இருந்தால் ஜன்னலைத் திறக்கலாம். அதைத் தாண்டினால் சாத்திவிட்டு மெஷினைப் போட வேண்டியதுதான்.

இரவு வாடைக்கு வருவோம். இதற்குக் காரணம் காற்றின் திசை. பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். அது பெரும்பாலும் சுத்தம். இரவில் திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். உங்களுக்கு மேற்கே என்ன இருக்கிறது? மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கே இருக்கும் அனல்மின் நிலையங்களின் புகையும் சேர்ந்துகொள்ளும். மார்கழி, தை விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துவிடுவதால் புகை மேலே போகாமல் தங்கும். அதனால் 'காலைக் காற்று நல்லது' என்று ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறக்கும் பழக்கத்தை உங்கள் தெருவில் விட்டுவிடுங்கள். மதியம் கடல்காற்று உள்ளே வந்த பிறகு கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்து வீட்டைக் காற்றாட விடுங்கள். காசில்லாத ஃபில்டர் இது.

சரி, மெஷின். ஏழு அடுக்கில் உங்களுக்கு வேண்டியது மூன்றுதான். முன்னால் ஒரு வலை, அது முடியையும் பஞ்சையும் பிடிக்கும். அடுத்து ஹெப்பா, நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் இதுதான். பெட்டியில் அதன் தரத்தைக் காட்டும் 'ஹெச் 13' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போல' என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது கரி ஃபில்டர், அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். இங்கேதான் ஏமாற்று அதிகம். பல மாடல்களில் மெல்லிய பஞ்சுத் துணியில் கரிப்பொடியைத் தடவி வைத்திருப்பார்கள், அது சில வாரங்களில் தீர்ந்துவிடும். கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே மணி மணியாகக் கரி சலசலக்க வேண்டும், எடையும் தெரிய வேண்டும். சில மாடல்களில் ஹெப்பாவும் கரியும் ஒன்றாக ஒட்டியிருக்கும். உங்கள் ஊரில் கரி முதலில் தீரும் என்பதால் தனித்தனியாக மாற்றக்கூடிய மாடல்தான் சிக்கனம். நம் கடற்கரை ஈரப்பதத்தில் கரியின் நுண்துளைகளில் தண்ணீரும் இடம்பிடிக்கும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் ஆயுளை அப்படியே நம்ப வேண்டாம். வாடை மறுபடி தெரிய ஆரம்பித்தால் கரி முடிந்தது என்று அர்த்தம்.

கரிக்கும் எல்லை உண்டு. பெட்ரோல், பெயின்ட் மாதிரி ஆவிகளை நன்றாக இழுக்கும். கந்தக டை ஆக்சைடு, அம்மோனியா போன்றவற்றைச் சாதாரணக் கரி அவ்வளவாகப் பிடிக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அப்படிப்பட்ட நேரத்தில் ப்யூரிஃபையரை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேற வேண்டும்.

காற்றுக்கு மின்னேற்றம் கொடுக்கும் அயனைசர் வேண்டவே வேண்டாம். சில வகைகள் ஓசோனை உண்டாக்கும், அது வீசிங்கைக் கிளப்பும். மாடலில் அது கூடவே வந்தால் அணைத்து வைக்கத் தனி பட்டன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் அளவு. பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கும். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்ற கணக்கு அது. உங்கள் அறை 10 அடி உயரம் என்று வைத்தால் 1200 கன அடி, ஏறக்குறைய 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற 170 போதும். ஆனால் அந்த எண் முழு வேகத்தில் அளந்தது. முழு வேகத்தில் ஓடினால் சத்தத்தில் பையன் தூங்க மாட்டான், நீங்களே பத்து மணிக்கு அணைத்துவிடுவீர்கள். ஆகவே 300 அளவில் வாங்கி நடு வேகத்தில் ஓட விடுங்கள். ஹாலுக்கும் சேர்த்து ஒரு பெரிய மெஷின் என்ற யோசனை வேண்டாம். கதவைச் சாத்திய ஓர் அறையில்தான் இது வேலை செய்யும், பையன் எட்டு, ஒன்பது மணி நேரம் இருப்பதும் அங்கேதான். 40 வாட் மெஷின் இரவு பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட் கூடும்.

மெஷின் வாங்கும் முன்பே ஒன்றை நிறுத்துங்கள்: கொசுவர்த்தி. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பையன் படுக்கும் அறையில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அங்கே வேண்டாம். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். ஏ.சி.யில் இருக்கும் வலையை ஹெப்பா என்று நினைக்காதீர்கள், அது முடியையும் தும்பையும்தான் தடுக்கும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மெஷின் வந்துவிட்டது என்று நிறுத்திவிடவும் வேண்டாம்.

போன வருடம் ஒரு வீட்டில், 'எட்டு மாதமாக ஓடுகிறது, ஒரு பிரயோஜனமும் இல்லை' என்றார்கள். பின்மூடியைக் கழற்றினேன். ஹெப்பா பால் வெள்ளையாக, வந்த பாலிதீன் உறையோடு, டேப்கூடப் பிரிக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. கம்பெனியில் அப்படித்தான் உறை போட்டு வைத்து அனுப்புகிறார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்மூடியைத் திறந்து உறையைப் பிரியுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். முன்வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டலாம். ஹெப்பாவில் மட்டும் தண்ணீர் படவே கூடாது. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வைத்துவிடுங்கள்.