நூறு மீட்டரில் என்ன இருக்கிறது?

கோல்ஃப் பற்றி நம் தென்னாப்பிரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை பார் 3 குழிகளை, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று அடியில் முடிக்க வேண்டிய குறுங்குழிகளைச் சுற்றியே இருந்தன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: 480 மீட்டர் பார் 5 குழியை முடித்த கையோடு மறந்துவிடுகிறேன். 120 மீட்டர் குறுங்குழி மட்டும் வீடு திரும்பிய பிறகும் மனதில் நிற்கிறது. அத்தனை சிறிய தூரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பார் 5-இல் முதல் அடி தப்பினாலும் அடுத்த இரண்டு அடிகளில் சரிக்கட்டலாம். பார் 3-இல் அந்தத் தவணை கிடையாது. இலக்கு கண்ணெதிரே நிற்கிறது. தொடக்க இடமான டீயில் பந்தைச் சிறு முளைமேல் ஏற்றி வைப்பதும் நீங்கள்தான், மட்டையைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள்தான். கரடுமுரடான புல்லையோ சரிவான தரையையோ குறை சொல்ல வழியில்லை. அதனால்தான் தப்பினால் நெஞ்சில் தைக்கிறது, சரியாக விழுந்தால் நாள் முழுக்க இனிக்கிறது.

ஆனால் தூரம் குறைந்திருந்தால் மட்டும் போதாது. அகன்ற சமதளக் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை), இரு பக்கமும் ஒப்புக்கு ஒரு பங்கர் எனும் மணற்பள்ளம் என்று அமைத்தால் அந்தக் குழி யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரு பக்கம் தப்பினால் கடுமையான தண்டனை, மறுபக்கம் தப்பினால் லேசான தண்டனை என்று இருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது டீயிலிருந்தே தெரிய வேண்டும். கொடியின் இடம் மாறும்போது துணிச்சலின் விலையும் மாற வேண்டும்.

அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 12-ஆம் குழி இதற்குச் சரியான பாடம். 155 கஜம், அதாவது சுமார் 142 மீட்டர். கிரீன் அகலமானது, ஆழம் குறைவு, முன்னால் ஓடை. கிரீன் நேர்குறுக்காகக் கிடக்காமல் சாய்வாகக் கிடப்பதால் அதன் வலது பகுதி டீயிலிருந்து தள்ளி இருக்கிறது. வலக்கையர் அடி தவறி வலப்புறம் போனால் பந்து வழக்கமாகத் தூரமும் குறையும். இழுத்து இடப்புறம் போனால் தூரம் கூடும். வலப்புறக் கொடியைக் குறிவைத்தவரின் தவறு ஓடையில் விழுகிறது, இடப்புறம் தப்பியவரின் பந்து கிரீனைத் தாண்டிவிடுகிறது. மனித உடல் எப்படித் தவறும் என்பதை அறிந்து அதற்கு எதிர்த்திசையில் கிரீனைச் சாய்த்திருக்கிறார்கள். 2020 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் டைகர் வுட்ஸ் இங்கே 10 அடி எடுத்தார்.

ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் 8-ஆம் குழி இன்னும் சிறியது, 123 கஜம். கிரீன் அவ்வளவு சின்னது என்பதால் 'அஞ்சல்தலை' என்றே பெயர். 1950-இல் ஜெர்மானிய அமெச்சூர் ஆட்டக்காரர் ஒருவர் அங்கே 15 அடி எடுத்தார்; 1973-இல் 71 வயது ஜீன் சராஸன் ஒரே அடியில் குழிக்குள் போட்டார். முதியவரின் வலிமைக்கும் எட்டுகிற தூரம், ஆனால் பங்கரில் சிக்கினால் மீள்வது பெரும்பாடு. இந்த இரண்டும் ஒரே குழியில் சேர்வதே அதன் அழகு.

நம்மூரில் பார்க்க வேண்டுமென்றால் டர்பன் கன்ட்ரி கிளப்பின் 12-ஆம் குழி. மேடான கிரீன், இரு பக்கமும் செங்குத்தான சரிவு. இங்கே வந்த வேல்ஸ் இளவரசரின் பந்து ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு மாறி மாறி உருண்டதாம். குழிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே கொடியை மறந்துவிட்டுக் கிரீனின் நடுவை நோக்கி அடிப்பவரே பெரும்பாலும் மூன்றில் முடிப்பார்.

சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவுக் கிரீன் குழிகளை நான் நல்ல குறுங்குழிகளில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவின் சாக்ராஸ் மைதானத்தின் 17-ஆம் குழி, 137 கஜம், போட்டியில் பார்க்கப் பரபரப்பாக இருக்கும். ஆனால் 24 ஹேண்டிகேப் உள்ளவர் (ஒரு சுற்றில் பாரைவிட ஏறத்தாழ 24 அடி கூடுதலாக எடுப்பவர்) அங்கே நான்காவது பந்தையும் தண்ணீருக்குக் கொடுக்கும்போது, அவருக்கு ஒதுங்கி ஆட ஓரிடம்கூட இல்லை. ஒரே ஒரு விடையை மட்டும் ஏற்கும் குழி சீக்கிரம் சலித்துவிடும்.

டோங்காட் வாசகி: வடகிழக்குக் காற்று வீசும் நாளில் 120 மீட்டருக்கு எந்த மட்டை?

எதிர்க்காற்றாக வந்தால், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துக்கு தூரத்தை ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்டுங்கள். அப்படியானால் 120 என்பது 132 ஆகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் பாதிதான் கழிக்க வேண்டும், அதாவது 114. எதிர்க்காற்று பறிக்கும் அளவுக்குப் பின்காற்று கொடுப்பதில்லை. கிரீன் டீயைவிடத் தாழ்வாக இருந்தால், தாழ்வின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டர் குறையுங்கள்.

மட்டையை மாற்றினால் மட்டும் பலன் வராது. 9 அயர்னை (அயர்ன் என்பது உலோக மட்டை; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) ஓங்கி அடித்தால் பந்தின் சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் எதிர்க்காற்றில் பந்து மேலே எழும்பி அப்படியே தொப்பென்று விழும். 7 அயர்னை எடுங்கள், பிடியை இரண்டு விரல் கீழே இறக்குங்கள், முக்கால் வீச்சில் மெதுவாக அடியுங்கள். காற்றைக் கணிக்கும்போது காலடிப் புல்லைப் பிய்த்துப் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் கிரீனுக்குப் பின்னாலுள்ள மர உச்சியையும் பாருங்கள். டீ மரங்களுக்கு மறைவில் இருந்தால் புல் பொய் சொல்லும்.

லெனேசியா வாசகர்: ஜோகன்னஸ்பர்க்கில் கொடிக்குப் போகும் அடி டர்பனில் குட்டையாக விழுகிறதே?

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்துக்கு அங்கே தடை குறைவு. கடற்கரைக்கு வரும்போது 7 முதல் 10 விழுக்காடு தூரத்தை இழப்பீர்கள். 130 மீட்டர் அடித்த மட்டை 118, 120 தான் தரும். ஒரு படி கூடுதல் தூரம் போகும் மட்டையை எடுங்கள், அதோடு கவலையை விடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: கிரீனுக்கு முன்னால் விழுந்து உருண்டு ஏறட்டும் என்று அடித்தால் பந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

கிகுயூ புல்லின் குணம் அது. தடித்த கொடிபோல் தரையோடு படர்ந்து பந்தைக் கவ்விக்கொள்ளும். ஐரோப்பிய மைதானங்களின் உருட்டாட்டம் இங்கே பலிக்காது. பந்து கிரீனின் மேலேயே, ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே இறங்க வேண்டும். சிப் எனும் கிரீனோரக் குட்டை அடியை அடிக்கும்போது மட்டை முகத்தைச் சற்றுத் திறந்து, புல்லுக்குள் வேகம் குறையாமல் கொண்டுபோங்கள். பயந்து நிறுத்தினால் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றி முகத்தை மூடிவிடும்.

உங்கள் கிளப் நிர்வாகத்தின் காதிலும் ஒன்று போடுங்கள். கிரீனுக்கு முன்னால் 8, 10 மீட்டரையாவது ஒட்ட வெட்டி வைத்தால் முதியவர்களும் பெண்களும் உருட்டி ஏற்ற ஒரு வழி திறக்கும். செலவு அதிகமில்லை, குழியின் சுவை இரட்டிப்பாகும்.

பீனிக்ஸ் வாசகர்கள் சிலர்: எங்கள் சங்கத்துக்கு ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது. பிள்ளைகளுக்காக மூன்று சிறு குழிகள் அமைக்கலாமா?

மூன்று கிரீன் வேண்டாம். ஓர் ஏக்கர் என்பது சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 64 மீட்டர். அதற்குள் மூன்று குழிகளை நெருக்கினால் ஒருவர் பந்து இன்னொருவர் தலையில் விழும். ஒரே கிரீன், மூன்று டீ என்று போடுங்கள். மூலையிலிருந்து இரு எல்லைக்கும் 20 மீட்டர் உள்ளே தள்ளிக் கிரீனை வையுங்கள். டீக்கள் 30, 40, 55 மீட்டரில், வெவ்வேறு கோணங்களில். ஒரு நேரத்தில் ஒரு குழுதான் ஆட வேண்டும். ஒரே கிரீன் மூன்று கோணத்திலிருந்தும் மூன்று வேறு குழிகளாகத் தோன்ற அதை நீள்வட்டமாகச் சாய்த்து வைத்தால் போதும். அருகில் வீடுகள் இருந்தால் நுரைப்பந்து மட்டுமே.

கிரீன் 200 முதல் 250 சதுர மீட்டர் இருக்கட்டும். கொடி நடும் இடங்களில் சரிவு 1 முதல் 3 விழுக்காடு, அதாவது 10 மீட்டருக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் பிள்ளை தட்டிய பந்து குழியைக் கடந்து கீழே ஓடிவிடும். சரிவே இல்லையென்றால் டர்பன் கோடை மழையில் தண்ணீர் தேங்கிப் புல் அழுகும். மழைநீர் ஒரே திசையில் வடியாமல் இரண்டு பக்கமாகப் பிரிந்து வடியட்டும், பிள்ளைகள் நடந்து ஏறும் பக்கம் சேறாகாமல் இருக்க.

மரம் நடும் ஆசை எல்லோருக்கும் வரும். நம் நாட்டில் சூரியன் வடக்கு வானில் நகர்வதை மறந்துவிட்டு வடக்கிலும் கிழக்கிலும் நடுவதுதான் பலரும் செய்யும் பிழை. காலை வெயில் மறைந்தால் பனி காயாது, பூஞ்சை வரும், புல் மெலியும். தெற்கில் நடுங்கள்.

டீயை மட்டும் தாராளமாக விடுங்கள். பார் 3 டீயில் எல்லோரும் அயர்னால் அடிப்பதால் புல்தரை பெயர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 1,000 ஆட்டத்துக்கு சுமார் 20 சதுர மீட்டர் என்பது பொதுக் கணக்கு. டீ குறியை நாள்தோறும் ஓரடி நகர்த்தி, பெயர்ந்த இடத்தில் மணல் நிரப்புங்கள். பந்து விழுந்த குழிவைச் சரிசெய்யவும் பிள்ளைகளுக்கு முதல் நாளே கற்றுக்கொடுங்கள்: கருவியை ஓரத்தில் குத்தி மண்ணை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கீழிருந்து நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும்.

மெரேபேங்க் வாசகி: என் மகன் வலக்கையன், ஆனால் இடது கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறான். மாற்றச் சொல்கிறார்கள்.

அப்படிப் பிடித்தே நம் டர்பன் இந்திய ஆட்டக்காரர் பாப்வா சேவ்கோலம் 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றார். 1963-இல் நேட்டால் ஓபனையும் வென்றார். அது நிறவெறி ஆட்சிக் காலம்; இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல் வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-இல் அதே போட்டியில் நம் நாட்டின் உலகப் புகழ் ஆட்டக்காரர் கேரி பிளேயரையே முந்தினார். ஆகவே 'அப்படிப் பிடித்தால் ஆடவே முடியாது' என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நெடுந்தூர அடியில் பெரும்பாலோருக்கு இந்தப் பிடி வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. கிரீனைச் சுற்றி அதுவே பலம்: இடது மணிக்கட்டு மடங்காமல் நிற்பதால் மட்டை முகம் தடுமாறாது. 2022 யு.எஸ். ஓபனை வென்ற மேட் ஃபிட்ஸ்பாட்ரிக் சிப் அடிப்பது இப்படித்தான். 80 மீட்டருக்குள் மகன் விரும்பியபடி பிடிக்கட்டும். நெடுந்தூர மட்டையான டிரைவருக்கு மட்டும் வழக்கமான பிடியை நாளுக்கு 20 பந்து, ஆறு வாரம் பழகச் சொல்லுங்கள். அதன் பிறகும் பழைய பிடியில்தான் பந்து நேராகப் போகிறது என்றால் முழுவதுமாக அவன் வழிக்கே விட்டுவிடுங்கள் அம்மா.