வாசகர் கேள்வி–பதில்: வன்னியில் கோயில் பார்க்க நடக்கலாமா?

நடைப் பயணம் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, வன்னியின் பழைய கிறிஸ்தவக் கோயில்களைப் பற்றியே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிப் பாதைகளில் நடந்து ஊர் ஊராகப் பழைய தேவாலயங்களைப் பார்க்கிறாள். எண்ணூறு வருசக் கட்டடம்கூடப் பூட்டாமல் கிடக்கிறதாம். வன்னியில் அப்படி நடக்க முடியாதா? (வாசகர், வவுனியா)

நடக்கலாம் தம்பி, ஆனால் மச்சாள் அனுப்பும் படங்களை மனதில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டால் முதல் கோயிலிலேயே முகம் வாடிவிடும். இங்கிலாந்தில் பொதுப் பாதை என்று பதிந்திருந்தால் தனியார் வயலுக்குள்ளால் போகும் ஒற்றையடிப் பாதையிலும் எவரும் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு, வரைபடத்தில் கோடு போட்டிருக்கும், கவராகும் இடத்தில் கைகாட்டி மரம் நிற்கும். எங்களுக்குப் பாதை என்றால் வண்டில் தடம், குளக்கட்டு, வாய்க்கால் வரம்பு. யாருடைய காணி என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

கட்டடமும் அப்படித்தான். ஓலையும் மண்ணுமாக இருந்த சின்னக் கோயில்கள் காலத்தோடு போயின, கல்லாலே கட்டியதில் பலதை யுத்தம் உடைத்தது, 2009க்குப் பிறகு திருத்தியதும் புதிதாய் எழுப்பியதுமாக இன்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சீமெந்தும் புதுப் பெயின்றும்தான். அதைப் பார்த்து "இதில் என்ன பழமை" என்று திரும்பிவிடாதீர்கள். சுவர் புதிது, இடம் பழையது. இந்தச் சனம் எங்கிருந்து வந்தது, ஏன் இந்தக் குளத்தடியில் நின்றது, யாருக்குப் பயந்து இந்தக் காட்டுக்குள் வந்தது என்று கேட்டுக்கொண்டு நடந்தால்தான் வன்னிக் கோயில் பிடிபடும். காரில் போய் வாசலில் இறங்கினால் அதில் பாதி தவறிப்போகும்.

மடு மாதா கோயில் ஏன் நடுக்காட்டுக்குள் இருக்கிறது? எந்தப் பட்டினத்துக்கும் பக்கத்தில் இல்லையே. (வாசகி, கிளிநொச்சி)

நல்ல கேள்வி தங்கச்சி. பதிலைத் தேடி மன்னார்க் கரையில் இருக்கும் மாந்தைக்குப் போக வேண்டும்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தர் சீர்திருத்த சபைக்காரர். கத்தோலிக்கக் குருமாரை விரட்டினார்கள், பூசையைத் தடைசெய்தார்கள், கோயில்களைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கின என்பது கோயில் மரபு. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து 700 பேரளவில் வன்னிக்குள் வந்தார்கள். இரண்டு கூட்டமும் சந்தித்த இடம் மருதமடு, இன்றைய மடு. காடு ஏன் தோதாக இருந்தது என்றால், ஒல்லாந்தரின் கோட்டைகளும் பிடியும் கரையோரத்தில், உள்ளே வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களின் நிலம், அவர்கள் ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தங்கள் பாட்டில் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஒல்லாந்தக் கும்பினிக் காவல்காரன் தேடிவரத் தயங்கும் தூரத்தில் ஒரு மடு, தண்ணீர், மருத நிழல். ஓடி வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து இறங்கிய யோசேவ் வாஸ் அடிகளாரும் இப்படி மறைந்து வாழ்ந்த சனத்தைத்தான் தேடித் தேடிப் போனார். 2015 சனவரி 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றைக்கே மடுவுக்கும் வந்தார். இப்போதுள்ள பெரிய கோயில் 1872இல் பொன்ஜீன் ஆண்டகை காலத்தில் தொடங்கியது. 1924 யூலை 2இல் மாதாவுக்கு முடிசூட்டினார்கள், ஆடிப் பெருநாளின் முக்கிய நாளும் அதுதான்.

ஓட்டம் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. யுத்த காலத்தில் கோயில் வளவே அகதி முகாமாகியது, 1999 நவம்பரில் அங்கே எறிகணை விழுந்து அடைக்கலம் தேடி வந்தவர்களில் 40க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் சொரூபத்தையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஓகஸ்டில்தான் அது திரும்பியது. காட்டுக்கு வந்த மாதா முந்நூறு வருசம் கழித்துக் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு மடுச் சந்தியிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள், 12 கிலோமீற்றர் அளவு வரும், இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும். அந்த மரங்களுக்குள் ஒரு சொரூபத்தை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாம் என்று உங்களுக்கே விளங்கும். விசக்கடிக்குக் காப்பு என்று மடு மண்ணை எடுத்துவந்து வீட்டில் வைக்கிற வழக்கமும் இந்தக் காட்டை நடந்து கடந்தவர்களின் பயத்தோடு சம்பந்தப்பட்டது என்பது என் ஊகம்.

ஒரு நாளில் நடக்கக்கூடிய, கொஞ்சம் பழைய கல்லும் பார்க்கக்கூடிய இடம் சொல்லுங்கள். (வாசகர், செட்டிகுளம்)

மன்னார்ப் பெருநிலப்பரப்புக்குப் போங்கள். மாந்தையில் தொடங்குங்கள். பழைய மாதோட்டத் துறைமுகம் அது, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும் அதன் தீர்த்தமான பாலாவியும் அங்கேதான், மடு மாதா புறப்பட்டதும் அங்கிருந்துதான். சைவம் ஒரு நாள், வேதம் (கிறிஸ்தவம்) ஒரு நாள் என்று பிரித்துப் பார்க்க ஆசைப்படுவோருக்கு இந்த ஊர் வசதிப்படாது.

அங்கிருந்து தெற்கே வங்காலை. புனித அன்னம்மாள் கோயில். 1985 சனவரி 6இல் பங்குத் தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊரில். ஊரைச் சுற்றிய சேற்று வெளியும் உப்பு நீரும் பறவைகள் சரணாலயம், 2010இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். மாரி தொடங்கி மாசி வரைக்கும் பூநாரைகள் நிற்கும்.

இன்னும் தெற்கே, அருவியாறு கடலில் விழும் பக்கம், அரிப்பு. கண்டி அரசனிடம் 1660 முதல் பிடிபட்டிருந்த ஆங்கிலேயக் கடலோடி ரொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி, அருவியாற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே காட்டால் நடந்து வந்து சேர்ந்த ஒல்லாந்தக் கோட்டை இதுதான். வன்னியில் நடந்தவர்களில் பேர்போன ஆள் என்றால் அவர்தான், அவருக்குப் பார்வை பார்க்க நேரம் இருந்திருக்காது. பக்கத்தில் கடலோர மேட்டில், முத்துக்குளிப்பைப் பார்த்திருக்க பிரித்தானிய ஆளுநர் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை நிற்கிறது, நிற்கிறது என்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சுவருக்குக் கீழே போய்ப் படம் எடுக்க நிற்காதீர்கள்.

மாந்தை, வங்காலை, அரிப்பு மூன்றையும் ஒரே நாளில் நடந்து முடிக்க நினைக்க வேண்டாம். இடையில் பஸ் பிடியுங்கள். வெயில் உங்களுக்குச் சலுகை தராது.

மிதிவெடி, யானை, கரடி என்று வீட்டில் பயப்படுத்துகிறார்கள். (வாசகி, முழங்காவில்)

பயப்படுத்துவது சரிதான். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பில் மண்டையோடு போட்ட பலகையோ நாடாவோ கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பலகை இல்லாத இடத்திலும் சனம் புழங்கும் தடத்தை விட்டு விலகாதீர்கள். சிறுநீர் கழிக்க என்று பற்றைக்குள் போவதும் இதில் சேரும். நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக்கூடாது. எந்தத் தடம் நல்லது என்று மாடு மேய்ப்பவரிடமும் விறகு வெட்டப் போகிறவரிடமும் கேளுங்கள், கைபேசி வரைபடம் இதைச் சொல்லாது.

யானைக்கு நேரக் கணக்கு. காலை வெளித்தபின் இறங்கி, நாலு மணிக்குள் தார் றோட்டுக்கு வந்துவிடுங்கள். கரடி வேறு மாதிரி, அதற்குப் பகல் இரவு கிடையாது, பாலைப்பழ காலத்தில் பழம் விழுந்து கிடக்கும் மரத்தடிக்கு வரும், அந்த மாதங்களில் காட்டுத் தடத்தில் சத்தமாகக் கதைத்துக்கொண்டே போவது நல்லது. மடுவைச் சுற்றிய காடு 2015இலிருந்து தேசியப் பூங்கா, வீதியை விட்டு உள்ளே போக வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும்.

நல்ல காலம் தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. குளம் வான் பாய்ந்து முடிந்திருக்கும், வயலில் கதிர் நிற்கும், தடம் காய்ந்திருக்கும். சோளகக் காற்று தொடங்கினால் புழுதிதான்.

நான் சைவம். கோயிலுக்குள் போனால் ஏதும் சொல்வார்களா? (வாசகர், நெடுங்கேணி)

ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மடுவுக்குச் சைவரும் வருகிறார்கள், சிங்களவரும் வருகிறார்கள். செருப்பைக் கழற்றுங்கள், பூசை நடந்தால் பின்னால் நில்லுங்கள், பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுக்காதீர்கள்.

எல்லாரும் மன்னாரைத்தான் சொல்கிறீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோயில் இல்லையா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

இருக்கிறது தங்கச்சி. மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் நந்திக்கடலுமாக அந்தக் கரை முழுக்க மீனவக் கோயில்கள். வலைஞர்மடக் கோயிலில் 2009இல் சனம் அடைக்கலம் புகுந்திருந்தது. அதனால்தான் "போய்ப் பாருங்கள்" என்று மன்னாரைச் சொல்வதுபோல இலேசாகச் சொல்ல வரவில்லை. அங்கே நடப்பதென்றால் ஊர் ஆள் ஒருவரோடு போங்கள், அவர் நிற்கிற இடத்தில் நில்லுங்கள், கேள்வியை அவர் பாட்டுக்கு விடுங்கள். கமராவைப் பையிலேயே வைத்திருக்கலாம். நந்திக்கடலின் மறுகரையில் வற்றாப்பளை அம்மன். வைகாசிப் பொங்கலுக்கு அந்தப் பக்கம் முழுதும் நடைதான், வேதக்காரரும் வருவார்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. ஆவணிப் பெருநாளுக்கு மடுவுக்கு நடந்தே போக வேண்டும் என்று நேர்த்தி. என்ன செய்வது? (வாசகர், வவுனியா)

ஓகஸ்ட் 15 பெருநாள் உச்ச வெயிலில் வருகிறது. வவுனியாவிலிருந்து முழுத் தூரமும் வேண்டாம். தலைமன்னார் ரயிலில் மடு றோட் நிலையத்தில் இறங்கலாம், அல்லது பஸ்ஸில் மடுச் சந்தி வரை வந்து விடிய ஐந்தரைக்கு, யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். தனியாக அந்த நேரத்தில் காட்டு வீதியில் இறங்கக் கூடாது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு குடை, அம்மாவின் மருந்து. அவருக்கு ஏலாமல் போனால் மீதியை ஓட்டோவில் ஏற்றிவிடுங்கள். நேர்த்தி குறைந்துவிடும் என்று அம்மா சண்டை பிடிப்பார். பங்குச் சுவாமியிடம் முதலே சொல்லி வைத்தால் அவர் பேசிச் சமாளிப்பார். தங்குவதற்குக் கோயில் விடுதி, கொட்டில் எதுவானாலும் பெருநாளுக்கு நல்ல நாள் முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும். கொடியேறிய பிறகு கேட்டால் மரத்தடிதான்.