கைகட்டி நின்றால் மனசு மூடிவிட்டது என்று அர்த்தமா?

சமாதானம் பேசும்போது எதிராளியின் உடல்மொழியை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், கைகட்டினால் எதிர்ப்பு என்று படித்ததை ஓரமாக வையுங்கள். நம் ஊரில் பெரியவர் முன்னால் கைகட்டுவதும் கண்ணைத் தாழ்த்துவதும் மரியாதை.

கடலூர் முதுநகரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் படகுப் பங்குத் தகராறு. தம்பிக்காரன் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து இறங்கிவந்துவிட்டான் என்றே நினைத்தோம், ஆனால் அண்ணன் டீசல் கணக்கைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் தாடை இறுகியது, கால் கட்டைவிரல் தரையைக் கீறியது. "டீசல்ல என்னப்பா மனக்குறை?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டதும்தான் எல்லாம் கொட்டியது.

அதாவது ஒரே அசைவை வைத்து முடிவுகட்டாதீர்கள். எந்தப் பேச்சில் ஆள் மாறுகிறார் என்று பாருங்கள், அப்புறம் கேளுங்கள். "ஏன் முறைக்கிற?" என்று கேட்டால் சண்டை மறுபடி பற்றிக்கொள்ளும்.

பேச்சில் 55 சதவீதம் உடல்மொழிதான் என்பார்கள், நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்கு அடிப்படையான, 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த ஆய்வுகள் விருப்பு வெறுப்பு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியவை மட்டுமே, எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது.

நீங்களும் நின்றபடி பேசாமல் அவர் பக்கத்தில் திண்ணையில் உட்காருங்கள்.