பக்கத்தில் சார்ஜர் இல்லாத ஊரில் மின்சாரக் கார் வாங்கலாமா?

கேள்வி இது: "மலேசியாவில், தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணத்தில் இருக்கிறேன். இங்கே பொதுச் சார்ஜர்கள் குறைவு. மின்சாரக் கார் வாங்கினால் அவதிப்படுவேனா?"

நானும் அப்படியொரு ஊரில்தான் இருக்கிறேன், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். வேலை ஈப்போவில். போக வர தினமும் 60 கிலோமீட்டர். 2025 தொடக்கத்தில் மலேசியக் கம்பெனி புரோட்டோனின் இ.மாஸ் 7 மின்சாரக் கார் எடுத்தேன், அதில் விலை குறைந்த மாடல். என்னைக் கேட்டால், ஊரில் எத்தனை சார்ஜர் இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் கார் ராத்திரி நிற்கும் இடத்துக்கு ஒரு வயர் வருமா என்று பாருங்கள். வரும் என்றால் பாதிக் கவலை முடிந்தது.

கார் வந்த அன்று பக்கத்து வீட்டு மாமா வந்து சுற்றிப் பார்த்தார். "இது சீனாக்காரன் கார்தானே தம்பி?" ஆமாம் மாமா, ஜீலி ஈஎக்ஸ்5 என்ற காரிலிருந்து செய்தது என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. முப்பது வருஷமாக அவர் தோட்டத்துக்கு ஓட்டிப் போனது ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்! "அப்போ நானும் உன் கம்பெனிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, வயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு பழசு, சிங்கிள் ஃபேஸ். முதல் இரண்டு வாரம் சாதாரண மூன்று முனை சாக்கெட்டிலேயே சார்ஜ் செய்தேன். அதில் மணிக்கு 2 யூனிட் போலத்தான் ஏறும். ஆனால் 60 கிலோமீட்டருக்குச் செலவாவது 9, 10 யூனிட். ராத்திரி ஐந்தாறு மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒருநாள் காலையில் பிளக்கைப் பிடுங்கும்போது விரலில் சூடு பட்டது. பார்த்தால், சாக்கெட்டின் வெள்ளை முகத்தில் கீழ் ஓட்டையைச் சுற்றி டீக்கறை மாதிரி பழுப்பு. அது துணி துவைக்கும் மெஷினுக்காக எந்தக் காலத்திலோ போட்ட சாக்கெட். மணிக்கணக்கில் ஒரே அளவு கரண்டு இழுக்க அது லாயக்கில்லை.

வயர்மேன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா உருகியிருக்கும்" என்றார். மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், சரியான எர்த், 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர். செலவு கொஞ்சம் கடித்தது. ஆனாலும் காரின் விலையோடு இதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். உரிமம் உள்ள வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள், தெரிந்த பையன் மலிவாகச் செய்கிறான் என்று போகாதீர்கள்.

செலவு எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கரண்டு பில்லில் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட் சுமார் 45 காசு (சென்). சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால், 100 கிலோமீட்டருக்கு எட்டு வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் ரிங்கிட்). என் பழைய பெட்ரோல் கார் மைவி அதே தூரத்துக்கு 7 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் 30-இல் வந்த புடி95 என்ற மானியப் பெட்ரோல் விலையில், அதாவது லிட்டர் 1 வெள்ளி 99 காசில், அது 14 வெள்ளி. என் மின்சாரக் காரையே நெடுஞ்சாலையில், யூனிட் 1 வெள்ளி 40 காசு வாங்கும் வேகச் சார்ஜரில் போட்டால் 21 வெள்ளி. பெட்ரோலைவிட அதிகம்! இதை விற்பனையாளர் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். வீட்டிலேயே சார்ஜ் செய்பவருக்குத்தான் இந்தக் காரில் மிச்சம். (இரவு 10 மணிக்குமேல் குறைந்த கட்டணம் என்ற திட்டமும் இருக்கிறது. உச்ச நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் யூனிட்டுக்கு 4 காசுதான் வித்தியாசம், அதற்காகக் கண்விழிக்க வேண்டாம்.)

பொதுச் சார்ஜர் எனக்கு வேண்டியிருப்பது கோலாலம்பூர் போனால்தான். அதிலும் பெருநாள் சமயம் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். 2025 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், பிரிக்ஃபீல்ட்ஸில் துணிமணி வாங்கிக்கொண்டு வடக்கே திரும்பினோம். வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினால், எனக்கு முன்னால் நான்கு கார். இரண்டு சார்ஜர் துப்பாக்கியில் (காரில் செருகும் முனை) ஒன்றின் முன்னால் ஒரு பெட்ரோல் கார் சாவகாசமாக நிற்கிறது. இன்னொன்றில் இருந்தவர் 80 சதவீதம் தாண்டியும் எடுக்கவில்லை. எண்பதுக்குமேல் பேட்டரி சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும் என்று அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் சாப்பிடப் போய்விட்டாரா தெரியாது. என் முறை வந்தபோது, சார்ஜருக்குக் காசு கட்டும் செயலி என் கார்டை ஏற்கவில்லை. வேறொரு செயலி இறக்கி, பதிவு செய்து, காசு போட்டு... அதற்குள் பக்கத்தில் இன்னொரு கார் செருகியதும் மின்சாரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. 30 சதவீதத்திலிருந்து 80-க்கு 20 நிமிடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு ஆனது, வரிசையையும் சேர்த்து, ஒன்றே முக்கால் மணி நேரம். முறுக்குப் பொட்டலம் இரண்டு காலி.

கார் பெருகிய வேகத்துக்குச் சார்ஜர் பெருகவில்லை, காரணம் அவ்வளவுதான். 2022-இல் இறக்குமதி மின்சாரக் கார்களுக்கு வரி விலக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் சில நூறு கார்கள்கூடப் பதிவானால் பெரிது. 2024-இல் ஒரே வருஷத்தில் இருபதாயிரத்தைத் தாண்டியது. பொதுச் சார்ஜர் 2025 முடிவுக்குள் 10,000 என்பது அரசாங்கத்தின் இலக்கு, அதில் 9,000 மெதுவானவை, 1,000 வேகமானவை. அந்த இலக்கு எட்டப்படவில்லை. போட்டவர்களும் கார் கூட்டம் இருக்கும் பெருநகரமாகப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த எங்கள் மாதிரி ஊர்களுக்கு அவர்கள் கடைசியில்தான் வருவார்கள். வியாபாரம் அப்படி.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. என் கூட்டாளி ஒருவன் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கார் நிற்பது வேப்பமரத்தடியில், வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி. தனி லைன் இழுக்க மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும், நாளைக்கு வீட்டைக் காலி செய்தால் போட்ட காசு போச்சு. அடுக்குமாடியில் இருப்பவனுக்கும் இதே கதை. ஆக, சொந்தமாகக் கார் போர்ச் உள்ளவனுக்கு 45 காசு, இல்லாதவனுக்கு 1 வெள்ளி 40 காசு. அந்தக் கூட்டாளிக்கு நான் மின்சாரக் கார் வாங்கச் சொல்லவில்லை, வாங்காதே என்றுதான் சொன்னேன்.

எந்தக் கார் என்று கேட்டால்: தினசரி ஓட்டம் நூறு கிலோமீட்டருக்குள் என்றால், 2025 அக்டோபர் கடைசியில் வந்த இ.மாஸ் 5 போதும், அறிமுகத்தில் 60,000 வெள்ளிக்குள் தொடங்கியது. பெரோடுவா கியூவி-ஈ அறிமுகத்தில் பேட்டரி இல்லாமல் 80,000 வெள்ளி, பேட்டரிக்கு மட்டும் மாதம் 275 வெள்ளி வாடகை. வாடகை கட்டிக்கொண்டே கார் ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம். சாலை வரி விலக்கு 2025-உடன் முடிந்தது, அதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரில் சாயங்காலம் இடி இடித்தால் அம்மா முதலில் டிவி பிளக்கைப் பிடுங்குவார். இப்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கார் சார்ஜரின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறார். போன வாரம் அப்படித்தான், காலையில் பார்த்தால் 41 சதவீதம். ஈப்போ போய் வர 20 சதவீதம் போதும்மா என்றேன். நம்பவில்லை. வாசலில் நின்று, "வழியில நின்னுட்டா போன் பண்ணு, மாமாவ மோட்டார எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன்" என்றார்.