பண்ணையில் கூடியிருக்க ஒரு கொட்டகை: தகடா, கிடுகா?

கேள்வி: மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எங்களுக்கு மாட்டுப் பண்ணை இருக்கிறது. பால்காரர் கூட்டம், மாட்டுப் பொங்கல், சொந்தக்காரர் வருகை என்று நாற்பது பேர் வரை கூடுவோம். சுவரில்லாத கொட்டகை ஒன்று போட விருப்பம். தகடு, இரும்புத் தூண், 12 அடி உயரம் என்று கட்டட வேலை செய்யும் பாஸ் ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். அப்பாவோ தென்னோலையில் பின்னிய கிடுகுதான் குளிர்ச்சி என்கிறார். எதை வாங்குவது?

பதில்: குளிர்ச்சி விஷயத்தில் அப்பா சொல்வது சரி. ஆனால் வெயிலும் மழையும் நேரே படும் கிடுகை ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டிவரும். என் யோசனை இரண்டையும் சேர்ப்பது: மேலே தகடு, அதன் கீழே சிலாகையில் கட்டிய கிடுகு. நனையாத கிடுகு பல வருடம் நிற்கும், தகட்டின் கொதிப்பும் தலைக்கு இறங்காது. அடுப்பை மட்டும் கொட்டகைக்குள் வைக்க வேண்டாம். சமையலுக்குத் தள்ளி, தனி இடம் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த 12 அடி உயரம். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். நம் பக்கம் பின்னேரம் 4 மணியளவில் சூரியன் மேற்கே பாதிக்கு மேல் சரிந்துவிடும். இறவாரம், அதாவது கூரையின் கீழ் ஓரம், 12 அடியில் நின்றால் வெயில் ஏறக்குறைய 20 அடி உள்ளே வரும், 7 அடியில் நின்றால் 12 அடியோடு நிற்கும். ஆகவே நடு முகடு உயரட்டும், ஓரம் தாழட்டும். நீளப்பக்கத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது குறுகிய பக்கம்தான் மேற்கைப் பார்க்கும். அந்தப் பக்கம் கூரையை நாலடி வெளியே நீட்டி, கழற்றக்கூடிய கிடுகுத் தட்டி ஒன்று கட்டினால், வெயிலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் அனலும் குறையும். மாரியில் வாடைக்காற்றோடு சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது தட்டியைக் கழற்றி அந்தப் பக்கம் மாற்றலாம்.

அளவு? கதிரை போட்டு உட்கார ஆளுக்கு 15 சதுர அடி வைத்தால் 20க்கு 30 அடி போதும். நிலத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது காற்று. 1978 நவம்பர் 23 சூறாவளியை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். சுவரில்லாத கூரைக்குள் காற்று புகுந்தால் அது கீழிருந்து மேலே தள்ளும். அதனால் தூணைக் கொங்கிறீற்றில் ஆழமாக இறக்க வேண்டும், தூணையும் கூரையைத் தாங்கும் வளையையும் இரும்புப் பட்டியால் பிணைக்க வேண்டும், தகட்டுக்கு ஆணி அல்ல, வாஷர் போட்ட திருகாணி. பாஸின் தொகையில் இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

மரத்தூண் போடுவதானால் பாலை, முதிரை நல்லவை. மண்ணைத் தொடாமல் கொங்கிறீற்றுக் கட்டையின் மேல் இரும்புக் காலில் நிறுத்தினால் கறையான் ஏறுவது குறையும், ஏறினாலும் கண்ணில் படும். மரத்தை ஏற்றி வரும் முன் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள். மாடு வந்து உரசும் என்பதால் தூணுக்கு வெளியே ஒரு வேலியும் வேண்டும்.

தகடு வாங்கும்போது விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், பூச்சு என்ன என்று கேட்டு, 0.47 என்றால் அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடுவதால் தகட்டின் முழு அகலமும் கூரைக்குக் கிடைக்காது, மூடும் அகலத்தைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். அஸ்பெஸ்டஸ் மலிவென்றாலும் வேண்டாம். வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசி புற்றுநோய்க்கு வழி.

கேள்வி: பச்சை நிழல் வலை மட்டும் கட்டினால் போதாதா?

பதில்: ஒரு கோடைக்குப் போதும், மழைக்கு உதவாது. கொட்டகை முடியும் வரை கட்டி வைக்கலாம்.

பணத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் அத்திவாரம், தூண், கூரை என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடையில் பற்றுச்சீட்டு தர மறுத்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம்.