முட்டியைத் திருகாதீர்கள், இடுப்பைத் திருப்புங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது, ஆடிட்டர். எட்டு வருடமாக சனி, ஞாயிறு இரண்டு நாளும் நந்தனத்தில் கோல்ஃப் ஆடுகிறேன். வலது கைப் பழக்கம். எடை 84 கிலோ. ஆறு மாதமாக இடது முட்டியின் உள்பக்கம் வலி. பத்துப் பன்னிரண்டு ஹோல் (ஒரு ஆட்டத்துக்கு மொத்தம் பதினெட்டுக் குழி) தாண்டினால் ஆரம்பிக்கிறது. வீட்டுக்கு வந்து மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிறது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, "ஆரம்பத் தேய்மானம்" என்றார். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறேன். பி.பி.க்கும் தினமும் மாத்திரை உண்டு. மனைவி "போதும், விட்டுவிடுங்கள்" என்கிறாள். கிளப் நண்பர் ஒருவர் முட்டியில் துளை போட்டு உள்ளே சுத்தம் செய்துகொள்ளச் சொல்கிறார். இன்னொருவர், டைகர் வுட்ஸே கிழிந்த முட்டியோடு ஆடி ஜெயித்தாரே என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கோட்டூர்புரம்)

பதில்: விட வேண்டாம் சார். ஆனால் அந்த மாத்திரையை மட்டும் இந்த வாரமே நிறுத்துங்கள்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது முட்டி அல்ல, அந்த ஒரு வரிதான். சென்னை வெயிலில் நான்கு மணி நேரம் வியர்த்துக் கொட்ட நடக்கிறீர்கள். உடம்பில் நீர் குறைகிறது. அந்த நேரத்தில் வலி மாத்திரை, கூடவே பி.பி. மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால் அடி விழுவது சிறுநீரகத்துக்கு. வலி மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும். பன்னிரண்டாவது ஹோலில் முட்டி "போதும்" என்று சொல்வதை, மாத்திரை போட்டு உங்கள் காதில் விழாமல் செய்துவிட்டு பதினெட்டு வரை போகிறீர்கள். அந்தக் கடைசி ஆறு ஹோலின் கணக்கைத்தான் உங்கள் வீட்டு மாடிப்படி வசூலிக்கிறது. தாங்க முடியாத நாளில் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதும். முட்டி மாதிரி தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மூட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் பி.பி.யைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனி, ஏன் இடது முட்டி, ஏன் உள்பக்கம் என்பதற்கு வருகிறேன். இருபது வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். வலது கை கோல்ஃப்காரர்கள் பலர் இதே முட்டியைத்தான் என்னிடம் காட்டுகிறார்கள். அந்த அடி விழும் அரை நொடியை நிறுத்திப் பாருங்கள். மட்டை மேலே போய்க் கீழே வரும்போது உடல் எடை முழுவதும் இடது காலுக்கு மாறுகிறது. இடுப்பு இடது பக்கம் வேகமாகச் சுழல்கிறது. பாதமோ, ஷூவின் அடியில் உள்ள ஸ்பைக் புல்லைக் கவ்விப் பிடித்திருப்பதால் அசைவதில்லை. மேலே சுழல்கிறது, கீழே நிற்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. செயற்கை மூட்டுக்குள் சென்சார் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்விங்கின்போது, அதாவது மட்டையை வீசும்போது, முன்காலின் (உங்களுக்கு இடது கால்) முட்டியில் இறங்கும் சுமை உடல் எடையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். உங்களுக்கு அது 330 கிலோவைத் தாண்டும்.

முட்டி ஒரு கதவுக் கீல். மடங்கும், நிமிரும், திருகுவதற்கு அதில் இடம் மிகக் கொஞ்சம். இடுப்பு மூட்டு அப்படி அல்ல, அது ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்திருப்பது போல. எந்தப் பக்கமும் சுழல்வதற்கென்றே அமைந்தது. சுழல வேண்டிய குழவி இறுகிப் போனால் அந்தத் திருகல் எங்கே போகும்? கீழே கீலுக்குத்தான் வரும். வாரத்தில் ஐந்து நாள் பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்கு இடுப்பு இறுகாமல் இருந்தால்தான் அதிசயம்.

இதை இப்போதே நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொஞ்சம் உயரமான நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு முட்டியும் ஒட்டியே இருக்கட்டும். பாதங்களை மட்டும் தூக்கி இரண்டு பக்கமும் வெளியே அகட்டுங்கள், ஓட்டுக்கூரை சரிவது மாதிரி. வலது பாதம் எவ்வளவு தூரம் போகிறது, இடது பாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது பாதம் பாதி தூரத்தில் நின்றுவிட்டால் உங்கள் வலியில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

அதற்கான பயிற்சி எளிது. தரையில் சிரமப்பட்டு உட்கார வேண்டியதில்லை, கட்டிலிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, பாதங்களை நன்றாக அகட்டி ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு முட்டியாக உள்பக்கம் மெதுவாகச் சாயுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து, காலையும் மாலையும். முட்டி வலித்தால் சாய்வைக் குறையுங்கள்.

அடுத்தது தொடை. முட்டிக்கு மேலே இருக்கும் தொடைத் தசைதான் அந்தக் கீலின் சுமைதாங்கி. ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை நசுக்குவது போல முட்டியால் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். பிறகு முட்டியை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி, நிறுத்தி, இறக்குங்கள். ஒரு வாரம் போனதும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேருங்கள். அதில் உட்காரும் பாதிதான் முக்கியம், பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். எல்லாமே பத்துப் பத்து தடவை. வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் "ஒன்றும் மாறவில்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

மைதானத்தில் மாற்ற வேண்டியது இடது பாதத்தின் திசை. இதை நான் கற்றது ஒரு கேடியிடமிருந்து, அதாவது மட்டைப் பையைத் தூக்கி வருபவரிடமிருந்து. என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர் ஒருவரின் ஆட்டத்தை நேரில் பார்க்கப் போயிருந்தேன். நான் அவர் முட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேடி பக்கத்தில் வந்து, "மேடம், சார் ஷூ அடியப் பாருங்க, புல்லு கிழியவே இல்ல, பாதம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது" என்றார். அப்படித்தான் இருந்தது. அடித்து முடித்த பிறகும் அவருடைய இடது பாதம் பந்தைப் பார்த்து நேராக, அசையாமல் நின்றது. தொப்புள் மட்டும் குழியில் நட்ட கொடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அன்றைக்கே பாதத்தைத் திறந்து வைக்கச் சொன்னோம். நேராக நிற்பது மணி 12 என்றால் இடது பாதத்தின் விரல்கள் 11-ஐப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். பாதம் முன்பே திரும்பி நிற்பதால் முட்டி திருகுவதற்கு மிச்சம் இருப்பது குறைவு.

இன்னும் இரண்டு விஷயம் உங்கள் கோச்சிடம் கேளுங்கள். மட்டை மேலே போகும்போது இடது குதிகால் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பட்டும். அடிக்கும் நொடியில் இடது காலை விறைப்பாக நிமிர்த்தும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். ஸ்பைக் இல்லாத ஷூ வாங்கிக்கொள்ளுங்கள், அடித்து முடிக்கும்போது பாதம் கொஞ்சம் வழுக்கித் திரும்பும். மழைக்காலத்தில் தரை வழுக்கும் நாளில் மட்டும் எச்சரிக்கை.

டிரைவிங் ரேஞ்ச், அதாவது பந்தடித்துப் பழகும் இடம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வாரநாளில் மாலை போய் ஒரு கூடை பந்து அடிக்கிறீர்களா? மைதானத்தில் பதினெட்டு ஹோல் ஆடினாலும் முழு வேகத்தில் அடிப்பது நாற்பது, ஐம்பது தடவைதான், மீதி குழி இருக்கும் கிரீன் என்ற புல்தரையிலும் அதைச் சுற்றியும் விழும் சின்ன அடிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நடை, ஓய்வு. ரேஞ்சிலோ ஒரு மணி நேரத்தில் நூறு பந்து, அதுவும் ஷூவைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் பாயில். முட்டிக்கு மைதானத்தைவிட ரேஞ்ச்தான் பாரம். இரண்டு மாதத்துக்கு அங்கே அயர்ன் வகையில் சின்ன மட்டையோடு முப்பது பந்து போதும், தூரம் அடிக்கும் நீள மட்டையான ட்ரைவர் வேண்டாம்.

நடையை விட்டுவிடாதீர்கள். தேய்மானத்துக்கு நடை நல்லது. ஆனால் பையை நீங்கள் தூக்காதீர்கள். சனிக்கிழமை ஒன்பது ஹோல் நடந்து ஆடுங்கள், ஞாயிறு ஓய்வு. எப்போது கூட்டலாம் என்பதற்கு ஒரு அளவு உண்டு. ஆட்டத்தின்போது வலி பத்துக்கு மூன்று, நான்கைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அடுத்த வாரம் பன்னிரண்டு ஹோல். வராவிட்டால் ஒன்பதிலேயே நில்லுங்கள். பதினெட்டும் ஆடியே ஆக வேண்டிய போட்டி நாளில் கார்ட் (மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டி) எடுங்கள். காரைவிட்டு இறங்கி நேராக முதல் ஹோல் தொடங்கும் இடத்தில் ட்ரைவரை வீசாமல், ஐந்து நிமிடம் நடந்து, மட்டை இல்லாமல் இடுப்பைச் சுழற்றிவிட்டுத் தொடங்குங்கள். நம் ஊர் மைதானங்கள் சமதளம், அது உங்கள் அதிர்ஷ்டம். மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் போய் ஆடும் திட்டம் இருந்தால் இந்த வருடம் தள்ளிப் போடுங்கள். இறக்கத்தில் இறங்குவது உங்கள் மாடிப்படியேதான்.

ஒரு ரவுண்டில் எத்தனை தடவை குனிகிறீர்கள் என்று எண்ணியிருக்கிறீர்களா? பந்தை நிறுத்தும் டீ ஆணியைக் குத்த, பந்தை எடுக்க, அடையாளம் வைக்க. 2019-ல் விதி மாறியதிலிருந்து பந்தை டிராப் செய்வதும் (கையிலிருந்து கீழே விடுவதும்) தோள் உயரத்திலிருந்து இல்லை, முட்டி உயரத்திலிருந்து, அதற்கும் குனிய வேண்டும். குந்தாதீர்கள். மட்டையை ஊன்றிக்கொண்டு, வலது காலில் நின்று, இடது காலைப் பின்னால் நீட்டியபடி இடுப்பிலிருந்து குனியுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் பலர் இப்படித்தான் பந்தை எடுப்பார்கள், கவனித்துப் பாருங்கள். குழிக்குள்ளிருந்து பந்தை எடுக்க, பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டர் மட்டையின் பிடி நுனியில் மாட்டும் ரப்பர் கிண்ணம் கிடைக்கிறது.

எடை பற்றி ஒரே கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் நான்கு கிலோ சுமை குறைகிறது. தீபாவளிக்குள் நான்கு கிலோ குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

துளை போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லும் நண்பருக்கு: அமெரிக்காவின் ஹூஸ்டனில், தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள், உள்ளே ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்தும், உண்மையாகவே சுத்தம் செய்துகொண்டவர்கள் அவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. உங்கள் நிலையில் அந்த அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனால் முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நிமிர மறுத்தால், கால் திடீரென்று மடங்கி விழப்பார்த்தால், ஆடிய சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், அது வேறு. சவ்வோ, எலும்புகளை இணைக்கும் நாரான லிகமென்ட்டோ கிழிந்திருக்கலாம், தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். முட்டி சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது நின்றபடி எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் எடை விழாததால் மூட்டின் இடைவெளி உள்ளதைவிட நன்றாக இருப்பது போலத் தெரியும்.

டைகர் வுட்ஸ் உதாரணம் சொன்ன நண்பருக்கும் மீதிக் கதையைச் சொல்லுங்கள். 2008 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அவர் கிழிந்த லிகமென்ட்டோடும், கீறல் விட்ட கால் எலும்போடும் 91 ஹோல் ஆடி ஜெயித்தது உண்மை. அதுவும் உங்களைப் போலவே இடது கால். அப்போது அவருக்கு 32 வயது. அடுத்த சில நாளில் முட்டியில் அறுவை சிகிச்சை, அந்த வருடத்தின் மீதி ஆட்டம் முழுவதும் போயிற்று.

உங்கள் மனைவியிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். நீங்கள் ஆடுவதை அவர் வெறுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் உங்களைப் பார்க்க முடியாமல்தான் சொல்கிறார். அப்படிப்பட்ட நாளில் ஏறும்போது வலது காலையும் இறங்கும்போது இடது காலையும் முதலில் வையுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த நாற்காலிச் சோதனையை மறுபடி செய்து, இடது பாதம் எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.